இறக்கத்தில் இன்ஜின் எதற்கு?

போன மாதம் கோவையில் நான் வேலை பார்த்த பைக் பந்தய அணியின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனை எப்போதாவது கூப்பிட்டு, சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொல்வது அங்கே வழக்கம். பேசி முடித்து டீ வந்த பிறகுதான் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் வாய் திறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் இருந்தே இத்தன பேரு வர்றாங்களே, நம்மூர்ல இருந்து ஏனுங்க ஒருத்தரும் மேல போறதில்ல?”

நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஒருவன் சாப்பாடு என்றான். ஒருவன் உடல்வாகு என்றான். அவர்களுக்குப் பயம் கிடையாது என்றான் இன்னொருவன். ரத்தத்திலேயே ஊறியது என்றான் நாலாவது ஆள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லா நாட்டு ஆட்களின் ரத்தத்தையும் நான் தார் மேல் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றேன். பயமில்லாமைதான் காரணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோட்டில் தலைக்கவசம் இல்லாமல் பறக்கிறவன் எல்லாம் உலகச் சாம்பியனாகியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சிரித்தார்கள். டீ ஆறிவிட்டது. முழுப் பதிலைச் சொல்ல அங்கே நேரம் இல்லை. வீட்டுக்கு வந்தபின்தான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் ஊர் மீனாட்சிபுரம். கேரளத்தில் இருக்கிற ஊர், வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். அப்பா பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றினார். நான் பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, கோவைக்குப் போய், ரங்கராஜ் சாரின் பந்தய அணியில் கடைநிலை ஆளாகச் சேர்ந்து, தலைமை மெக்கானிக்காக வெளியே வந்தேன். இப்போது மறுபடியும் மாடு கட்டிப் பால் கறக்கிறேன். மாடு பைக்கைவிடப் பரவாயில்லை, காரணம் கேட்காமல் உதைக்கும், அவ்வளவுதான்.

ரங்கராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்காரர் வீட்டுப் பிள்ளை, அணி மேலாளர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பதினெட்டு வயதுப் பையனையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அவர் ‘பார்க்கலாங்க’ என்றால் முடியாது என்று அர்த்தம். ‘செஞ்சுபோடுங்க’ என்றால் நேற்றே செய்திருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே அந்தப் பட்டறையை நடத்தினார்.

அவர் போட்ட விதிகள் சில இருந்தன. சக்கரத்தின் நட்டை ஒருவன் முறுக்கினால், வேறொருவன்தான் அதைச் சோதித்து மஞ்சள் பெயிண்டால் கோடு போட வேண்டும். முறுக்கிய கையே கோடு போடக் கூடாது. ‘நம்ம கை நம்மளையே நம்பிக்கும்ங்க’ என்பார். இன்னொரு விதி, ஓட்டி முடித்து ரைடர் உள்ளே வந்தால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அவனாக வாய் திறக்கிற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாம் முதலில் கேள்வி கேட்டால் அவன் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்வான், வண்டி சொன்னதைச் சொல்ல மாட்டான் என்பது அவர் எண்ணம். எத்தனையோ தடவை நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் செல்வின் வந்தான். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். அப்பா ஞானமுத்து ஜீப் டிரைவர். காலையில் மலை இறங்கி, போடியிலிருந்து ஏலக்காய் பறிக்க வரும் பெண்களை ஏற்றிவந்து, மாலையில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. எங்கள் அணி புதிய ரைடர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய ஓட்டத்துக்கு, யாரிடமோ இரவல் வாங்கிய ஷூவோடு செல்வின் வந்து நின்றான். வயது பத்தொன்பது. அதுவரை பந்தயத் தடத்தையே பார்த்ததில்லை.

முதல் நாளே வேகமான வளைவுகளில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் பிரேக்கைத் தொடும் இடத்தில் இவன் தொடமாட்டான். வண்டியைச் சாய்த்து, வேகத்தைச் சிந்தாமல் அப்படியே கொண்டுபோவான். எங்கள் வண்டிகள் சின்ன வண்டிகள். வளைவில் இழந்த வேகத்தை மீட்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. அதனால் இழக்காதவன்தான் ஜெயிப்பான். இரண்டே வருடத்தில் நம் நாட்டில் அந்த வகை வண்டியில் ஜெயிக்க வேண்டியதை எல்லாம் ஜெயித்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம், பிள்ளையில்லாத எனக்கு அவன் ஜெயிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்தது.

ஸ்பெயினிலிருந்து அழைப்பு வந்தது அப்போதுதான். அங்கே ஓர் இளைஞர் அணியில் ஒரு பருவம் ஓட இரண்டு இடங்கள் காலி. ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆறு பேரை வரவழைத்து, இரண்டு நாள் ஓட விட்டுப் பார்ப்பார்கள். இருபத்தொன்றைத் தாண்டியவர்களைக் கூப்பிட மாட்டார்கள். செல்வினுக்கு அந்த வயது வந்துவிட்டது. இதை விட்டால் வெளிநாடு கிடையாது என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரங்கராஜ் சாரும் நானும் அவனோடு போனோம்.

ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை. கடலோரச் சின்ன ஊர். ஒரு பெரிய கடைக்குப் பின்னால் நகராட்சி போட்ட குட்டித் தார் தடம் இருந்தது, நம் ஊரில் பள்ளிக்கூட மைதானம் இருக்குமே, அப்படி. அதில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் முழங்கால் உயர வண்டிகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை விழுந்து அழுதது. அதன் அம்மா மூக்கைத் துடைத்துவிட்டு அதே வளைவுக்குத் திருப்பி அனுப்பினாள். நான் கவனித்தது என்னவென்றால், அந்தப் பிள்ளைகள் வேகமாகப் போகவே இல்லை. ஒரே வளைவுக்கு ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே இடத்தில் கியரைக் குறைத்து, மறுபடியும் மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பார்க்கவே அலுப்பாக இருந்தது. நம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

மறுநாள் ஓட வந்த ஆறு பேரில் ஒருவன் அதே ஊர்ப் பையன், பதினேழு வயது. அவன் அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடேயே வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. பையனின் அக்கா கூட வந்து மொழிபெயர்த்துச் சொன்னாள். பையன் எப்போது ஓட்டத் தொடங்கினான் என்று கேட்டேன். ஐந்து வயதில், கடைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குட்டித் தடத்தில்தான் என்றாள். ஏன், உங்கள் ஊரில் எங்கே தொடங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டாள். 

முதல் நாள் காலை ஓட்டத்தில் செல்வின் எல்லோரையும் வியக்க வைத்தான். வேகமான வளைவுகளில் ஆறு பேரில் அவன்தான் முதல். ஆனால் அந்தத் தடம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நேர்ச் சாலை முடிந்து, சரிவாக இறங்கி, முதல் கியருக்கு வந்து வளைய வேண்டிய ஓர் இடம் இருந்தது. மற்ற இடங்களில் சேர்த்த நேரத்தை எல்லாம் அந்த ஓரிடத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். தண்ணீர் குடித்தான். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

“அந்த எறக்கத்துல மட்டும் வண்டி என்னையத் தள்ளுதுண்ணே. நிக்க மாட்டேங்குது” என்றான்.

ஸ்பெயின் அணியின் பொறியாளர் ஒரு பெண்மணி. வண்டியில் பொருத்திய கருவிகள் பதிந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கூப்பிட்டார். சரிவு தொடங்கும் இடத்தில் சக்கரத்தின் வேகம் அப்படியே இருக்க, இன்ஜின் சுழற்சி மட்டும் தொப்பென்று விழுந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். அவன் கிளட்சைப் பிடித்துவிடுகிறான், ஏன் என்று கேட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். மலை இறங்கும் லாரிக்காரர்கள் சின்ன கியரில் முனகிக்கொண்டு வருவது அதனால்தான். கிளட்சைப் பிடித்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். நிறுத்துகிற வேலை முழுவதும் முன் பிரேக்கின் தலையில் விழும். சின்ன வண்டியில் சமாளித்துவிடலாம், அங்கே கொடுத்தது போன்ற பெரிய வண்டியில் முடியாது. நாங்கள் அதுவரை ஓடிய தடங்கள் எல்லாம் சமதரை. அங்கே அவன் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

செல்வினிடம் கேட்டோம். “இல்லண்ணே, நான் கிளட்சே தொடல” என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. திரையைக் காட்டினோம். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று சிரித்துவிட்டான்.

“எறக்கந்தானண்ணே... எறக்கத்துல இன்ஜின் எதுக்கு?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரங்கராஜ் சாருக்கு விளங்கவில்லை, சமவெளி ஆள். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிடுவார்கள். போடிமெட்டு உச்சியில் சாவியைத் திருப்பிக் கிளட்சைப் பிடித்துக்கொண்டால், அடிவாரம் வரைக்கும் வளைவு வளைவாக வண்டி தானாக உருண்டு போகும். ‘பெட்ரோல் ஏறுறதுக்கு மட்டுந்தான்’ என்பது ஞானமுத்து வீட்டுச் சட்டமாம். பன்னிரண்டு வயதிலேயே, கியர் வைத்த பழைய மொபெட்டில் செல்வின் இதைப் பழகியிருந்தான். பையன்களுக்குள் போட்டி வேறு. அடிவாரத்துக்கு வந்ததும் சாலை தட்டையாகிவிடும். கடைசி வளைவுகளில் வேகத்தைச் சிந்தாமல் வந்தவன் வண்டி ஊர் எல்லை வரை உருளும். பிரேக் பிடித்தவன் வழியிலேயே நின்று, கிக்கரை உதைத்துக்கொண்டு கேலிக்கு ஆளாவான். எங்கள் தடத்தில் அவனை ஜெயிக்க வைத்த அந்த அழகான வளைவு வித்தை அங்கே கற்றதுதான். சரிவைக் கண்டதும் இன்ஜினை விலக்கிவிடும் கையும் அங்கே பழகியதுதான்.

பொறியாளருக்கு என் ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். கேலி செய்வாரோ என்று பார்த்தேன். செய்யவில்லை. எந்த வயதில் தொடங்கினான் என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு என்றேன். நாங்கள் கொண்டுவரும் பிள்ளைகளின் கைப்பழக்கமும் அந்த வயதுக்குள் முடிவாகிவிடும், அதற்கப்புறம் நாங்கள் புதிதாக எதையும் எழுதுவதில்லை, திருத்தம்தான் செய்கிறோம் என்றார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். இதை அப்படியே விட்டுவிடலாம், அவனைக் குழப்ப வேண்டாம் என்றேன் நான். கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் வேகமான வளைவுகளையும் கெடுத்துக்கொள்வான் என்று பயந்தேன். ரங்கராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்படியே உட்டா எடம் கெடைக்குங்களா?”

“கெடைக்காதுங்க.”

“திருத்துனா?”

“கெடைச்சாலும் கெடைக்குங்க.”

“அப்பறம் என்னங்க, செஞ்சுபோடுங்க.”

செய்தேன். அந்த வண்டியில் ஓடத் தொடங்கிவிட்டால் கியர் மாற்றக் கிளட்ச் தேவையில்லை. அதனால் கிளட்ச் லீவரைத் தளர்த்தி, விரல் இயல்பாகப் போய் விழாதபடி கீழே சாய்த்து முறுக்கினேன். ரங்கராஜ் சாரே குனிந்து, இழுத்துப் பார்த்துச் சோதித்து மஞ்சள் கோடு போட்டார். அவர் கோடு போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். செல்வின் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வெறும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் பழகினான்.

இரண்டாம் நாள் முதல் ஓட்டம் முடிந்து வந்தான். ஹெல்மெட், தண்ணீர். பிறகு சொன்னான்: “வெரலு தேடுதுண்ணே. லீவர் இல்லாத எடத்துல போயித் தேடுது.”

அடுத்த ஓட்டத்தில் தேடுவது குறைந்தது. கடைசி ஓட்டத்தில் அந்தச் சரிவில் மற்றவர்களுக்குச் சமமாக நிறுத்திவிட்டான். சுவரோரம் நின்று நான் கத்தியே விட்டேன். ஆனால் நான் பயந்ததும் நடந்தது. இறக்கத்தில் கையை நினைத்துக்கொண்டு ஓடியவன், வேகமான வளைவுகளிலும் நினைத்துக்கொண்டே ஓடினான். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் சிந்தியது. முடிவில் மூன்றாவதாக வந்தான். முதல் இடம் ஒரு ஜப்பான் பையனுக்கு. இரண்டாவது அந்த பஸ் டிரைவர் மகனுக்கு. அந்தப் பையன் எதையும் நினைத்து ஓடியதாகவே தெரியவில்லை. பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.

செல்வின் அழவில்லை. நான்தான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அதற்குப் பிறகு சில வருடம் நம் நாட்டில் ஓடி ஜெயித்தான். இப்போது ஒரு தொழிற்சாலையில் புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கிற நல்ல வேலையில் இருக்கிறான். குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பெயினிலிருந்து திரும்பிய அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவன் என்னைப் போடிமெட்டுக்குக் கூப்பிட்டதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

எஸ்டேட் லயத்தில் அவர்கள் வீடு. ஆப்பமும் கோழிக் குழம்பும் வைத்தார்கள். பக்கத்து ஸ்டோரில் ஏலக்காய் உலரும் வாசனை தொண்டை வரை ஏறியது. ஞானமுத்து கனத்த உடம்பு, சன்னக் குரல். எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அண்ணாச்சி, எதுல விட்டான்? கேட்டா டயருங்கான்.”

செல்வினைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டயரைப் பூட்டியவன் நான். என் டயரைக் குறை சொன்னால் பெற்ற தகப்பனோடும் சண்டைக்குப் போகிறவன் நான். ஆனால் பையன் எதற்காகச் சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது.

“ஆமாங்க, டயருதானுங்க” என்றேன்.

“நானும் ஆயுசு பூரா வண்டிதான் ஓட்டுதேன். டயரு வெடிச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்? இவன் மூஞ்சி அது இல்ல.”

செல்வின் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு செல்வினே சொன்னான். “எறக்கத்துல கிளட்ச புடிச்சுட்டேம்ப்பா.”

ஞானமுத்துவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்களுக்குத் திரையைப் பார்த்த பிறகே தெரிந்தது, அவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. தன் இடது கையைத் தொடை மேல் வைத்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

“அப்ப நான் சொல்லிக் குடுத்தது.”

“யாரு மேலயும் தப்பில்லீங்க” என்றேன் அவசரமாக.

“தப்புன்னு நான் எங்க சொன்னேன்?” என்றார். கோபம் இல்லை. “அந்தப் பெட்ரோல மிச்சம் புடிச்சுதான் இவன் அக்காள நர்சிங் படிக்க வச்சேன். இன்னைக்கிக் குவைத்துல கவுரவமா இருக்கா. மறுக்கா கேட்டாலும் அப்படித்தான் எறங்குவேன். ரெண்டு புள்ளைல ஒருத்தருக்குத்தான் செய்ய முடியும்னா ஒருத்தருக்குத்தான.”

செல்வின், “நான் ஒண்ணும் கேக்கலியேப்பா” என்றான். உண்மையாகவே அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞானமுத்து என் பக்கம் திரும்பினார். “இவனுக்கு முந்தி அந்த எடத்தப் புடிச்ச பய வீட்ல எப்படி? பெரிய பசையுள்ள கையோ?”

“இல்லீங்க. அவிங்கப்பா டவுன் பஸ் ஓட்டறாரு.”

“டிரைவரா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் இனத்து ஆளைக் கண்ட மலர்ச்சி முகத்தில் தெரிந்தது. “பொம்பளப் புள்ள உண்டா அவருக்கு?”

“ஒண்ணு இருக்குதுங்க. பையனுக்கு அக்கா. டாக்டருக்குப் படிக்குதாமா.”

அவருடைய விரல்கள் நின்றன.

“ரெண்டு பேருமா?” என்று என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்றேன். நான் சொன்னதை நம்பாதவர் மாதிரி அவர் மகன் பக்கம் திரும்பி, இன்னும் சன்னமான குரலில் மறுபடியும் கேட்டார்.

“ரெண்டு பேருமாடா?”